பாளையங்கால்வாய்க் கரையில் நடக்கிறதுக்குப் பாதை போட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

கரையோரவாசி

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருஷம் சென்னையில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் திருநெல்வேலிக்குத் திரும்பினேன். மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிற வழியில், தாமிரபரணியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பாளையங்கால்வாயை ஒட்டி வீடு, மொட்டை மாடியில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரு பர்லாங்கு தூரத்துக்குக் கால்வாய் தெரியும். வீடு பார்க்க வந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் மயங்கிப் பேசி முடித்தேன். ஏப்ரலில் வந்து பார்த்திருந்தால் அட்வான்ஸே கொடுத்திருக்க மாட்டேன், அது வேற கதை.

விஷயம் என்னவென்றால், அம்மாவுக்கு 68 வயசு. சர்க்கரை. தினம் அரை மணி நேரம் நடக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? தெருவில் பைக்குக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கிறது, ரோட்டுப் பக்கம் போனால் ஜல்லி லாரி. மைதானத்துக்குப் போக ஆட்டோ வைக்கணும், நடக்கிறதுக்கு ஆட்டோவில் போவதா என்று அம்மா கேட்கிறாள். ஆனால் வாசலுக்கு எதிரிலேயே கால்வாய்க் கரை கிடக்கிறது. நான் டேப் வைத்து அளந்தேன், எங்கள் பக்கத்துக் கரை சில இடத்தில் பன்னிரண்டு அடி, ஒரு இடத்தில் பதினாறு அடி கூட இருக்கிறது. முழுக்கச் சீமைக்கருவேலம், உடைந்த பாட்டில், பழைய மெத்தை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடிக்கிறவர்கள் கையில் போய்விடும்.

சின்ன வயசில் இதே கரை வழியாகத்தான் கோயிலுக்கு நடந்து போவோம் என்று அம்மா சொல்கிறாள். அப்போ பாதை இருந்திருக்கு இல்லையா? அதைத் திரும்பக் கொண்டுவர முடியாதா? கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரையெல்லாம் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நடைபாதை போட்டு இப்போ சாயங்காலம் உட்கார இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். நம்ம ஊரும் 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்த ஊர்தானே.

இந்தக் கரை யாருக்குச் சொந்தம், மாநகராட்சியா நீர்வளத்துறையா? யாரிடம் மனு கொடுக்கணும்? எங்கள் தெருவில் ஒரு இருபது வீடு சேர்ந்து செலவு பண்ணத் தயார், எவ்வளவு ஆகும்? இதையெல்லாம் கேட்டால் தெருவில் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். இங்கேயும் சிரிக்கிறவர்கள் சிரிச்சிட்டு பதிலும் சொல்லிட்டுப் போங்க.

டவுன்மாமா

சிரிச்சாச்சு. இப்போ பதில். நீங்க மனு கொடுங்க, நிச்சயம் செய்வாங்க. முதல்ல கரைக்கு ரெண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி, அப்புறம் கலர் கல்லு, அப்புறம் ஆள் உயரத்துக்கு 'ஐ லவ்' எழுத்து, அதுக்கு முன்னால நின்னு எல்லாரும் போட்டோ. ஆறு மாசத்துல கம்பியைக் கழட்டி எடைக்குப் போட்டிருப்பாங்க. தண்ணி மட்டும் அதே கறுப்புல ஓடும். வயித்தெரிச்சல்ல சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.

சிமெண்டும்_மண்ணும்

கரையோரவாசி அண்ணாச்சி, நான் சிவில் படித்தவன், கொஞ்ச காலம் கால்வாய்ப் பராமரிப்பு எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சைட்டில் வேலை பார்த்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கால்வாயும் கரையும் நீர்வளத்துறையுடையது. 2021 வரைக்கும் பொதுப்பணித்துறை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம், அதற்கப்புறம் தனித்துறை ஆக்கிவிட்டார்கள். மாநகராட்சி எல்லைக்குள் ஓடுவதாலேயே அது மாநகராட்சி சொத்து ஆகிவிடாது. அங்கே குப்பைத் தொட்டி வைக்கணும் என்றால்கூட இந்த ஆபீசிலிருந்து அந்த ஆபீசுக்குத் தடையின்மைச் சான்று போகணும், பாதி மனு இந்த இடத்தில்தான் செத்துப்போகும். அதனால் ஒரே மனுவை இரண்டு பேருக்கும் கொடுத்து, கலெக்டர் மனுநாளில் மூன்றாவதாக ஒன்று கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சர்வே நம்பருக்குப் புலப்படமும் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுகிற படம்) அ-பதிவேடும் (எந்த நிலம் யாருடையது என்கிற வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்க. டேப்பில் பன்னிரண்டு அடி என்கிறீர்கள், படத்தில் அது இருபதாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். யார் வீட்டுக் காம்பவுண்ட் எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். உங்கள் காம்பவுண்டையும் சேர்த்துப் பாருங்க அண்ணாச்சி, பிறகு தலைகுனிவாகிவிடக் கூடாது.

அடுத்தது பாதை. இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். கரை எதற்கு அவ்வளவு அகலமாக விட்டிருக்கிறார்கள்? ஷட்டர் பார்க்கிற ஆள் நடக்கவும், தூர்வாரும் வண்டி போகவும்தான். ஜேசிபி ஏழெட்டு டன் இருக்கும். ஹிட்டாச்சி என்று நாம் சொல்கிற பெரிய வண்டி இருபது டன், அதன் அகலமே கிட்டத்தட்ட பத்து அடி. நீங்கள் அழகாக ஆறு சென்டிமீட்டர் பேவர் கல் பதித்துக் கம்பி வேலியும் போட்டு வைத்தால், மே மாசம் தூர்வார வருகிறவன் ஒன்று அதை உடைத்துக்கொண்டு போவான், இல்லை தூர்வாராமலே போய்விடுவான். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும், ஏனென்றால் அதில் வேலை மிச்சம். அப்புறம் தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடி மண்டி, தண்ணீர் தேங்கி, கரை மேல் ஏறும். அதனால் பாதை என்றால் நன்றாகத் தண்ணீர் விட்டு உருட்டிய கிராவல் பாதை போதும். கல்தான் வேண்டும் என்றால் வண்டி பாரம் தாங்குகிற எட்டு சென்டிமீட்டர் கல். நீர்ப்பக்கம் நிரந்தரக் கம்பி வேண்டாம், கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்க. இரண்டு முனையிலும் பைக் நுழையாதபடி கல்தூண், நடுத்தூண் மட்டும் பூட்டுப் போட்டுக் கழற்றுகிற மாதிரி. பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே முடிவு பண்ணுங்க. சிரிக்காதீங்க, நான் பார்த்த இரண்டு இடத்தில் சாவி தொலைந்துதான் தூண் உடைந்தது.

தயவுசெய்து கால்வாய் மேல் சிலாப் போட்டு மூடி அதன்மேல் பாதை போடலாம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். வார்டு கூட்டத்தில் எப்பவும் ஒருத்தர் கேட்பார். மூடிவிட்டால் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சுத்தம் பண்ண ஆளை உள்ளே இறக்கணும், அது உயிரோடு விளையாடுகிற காரியம்.

மரம் வையுங்க, ஆனால் கரையின் வெளிச்சரிவில். உள்சரிவில் வைத்தால் வேர் கரையைப் பிளக்கும், வண்டியின் கைக்கும் இடைஞ்சல். புங்கை, பூவரசு, நாவல். இடம் இருந்தால் மருது, ஆற்றோரத்தில் நிற்கிற மரம்தானே அது. குல்மொஹர் வேண்டாம், காற்றடித்தால் கிளை முறிந்து விழும்.

இதெல்லாம் போக, சாக்கடை. இதை நான் முதலில் எழுதியிருக்கணும். உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக் குழாய் நேராகக் கால்வாயில் விடுகிறது என்று எண்ணியிருக்கிறீர்களா?

கடைமடை

தம்பி, கோவிச்சுக்காதே, ஒரு விவசாயி பேசுறேன்.

நீ மொட்டை மாடியிலே நின்னு பார்க்கிற தண்ணி பழவூர் அணைக்கட்டிலே பிரிஞ்சு நாப்பது கிலோமீட்டருக்கு மேலே ஓடி எங்க வயலுக்கு வரணும். வரணும்ன்னுதான் சொல்றேன், வருதுன்னு சொல்லலை. தாமிரபரணியிலே எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய், 86 ஆயிரம் ஏக்கருக்கு மேலே பாசனம்ன்னு புத்தகத்திலே போட்டிருக்கு. அதிலே கடைசிலே கிடக்கிறவன் நிலைமை எப்பவும் ஒண்ணுதான். பிசான சாகுபடிக்கு நாத்து விட்டுட்டு மானத்தையும் மடையையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருப்போம்.

டவுனைத் தாண்டி எங்ககிட்ட வர்ற தண்ணியிலே என்ன வருதுன்னு உனக்குத் தெரியுமா? போன கார் சாகுபடியிலே மடையிலே அடைச்சுக்கிச்சுன்னு கையை விட்டு எடுத்தேன். குழந்தைக்குக் கட்டுற டயப்பர், தண்ணியை உறிஞ்சி தலையணை மாதிரி ஊதிப் போய். ஒண்ணு இல்லை, பதினேழு எண்ணினேன், அதுக்கு மேலே எண்ண மனசு வரலை. எம் பேத்தி வரப்பிலே நின்னுக்கிட்டு "தாத்தா அது என்ன"ன்னு கேக்கா. நடவுக்கு வர்ற பொம்பளைங்க காலிலே சொறி வருதுன்னு சேத்திலே இறங்க யோசிக்காங்க. கூலி கூட்டிக் கேட்டாலும் நியாயம்ன்னுதான் கொடுக்கேன்.

நீங்க நடக்கிறதுக்கு நான் எதிரி இல்லை. ஆனா பார்க், படகு, நீரூற்று அப்படீன்னு ஆரம்பிச்சு, "தண்ணி வருஷம் பூரா நிறைஞ்சு நிக்கணும், அப்பத்தான் அழகா இருக்கும்"ன்னு நடுவிலே ஒரு தடுப்பைக் கட்டிருவானோன்னு எனக்குப் பயம். டவுனுக்குள்ளே அரை அடி தேக்கினா கடைமடைக்குச் சொட்டு வராது. பாதை போடு, தடுப்பு மட்டும் கட்டாதே. அதை மனுவிலே எழுத்திலே போடு.

கரையோரவாசி

அண்ணாச்சி, கோபமே இல்லை. உண்மையில் நான் கடைமடையைப் பற்றி யோசிக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது. தடுப்பு கிடையாது, மனுவில் முதல் வரியாகவே எழுதிவிடுகிறேன். சிமெண்டும்_மண்ணும் கேட்ட கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன், போய் எண்ணிவிட்டு வருகிறேன்.

சுலோச்சனா_டீச்சர்

நான் கால்வாய்க் கரை வழியாக நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனவள், பிறகு அதே வழியில் நடந்து போய் வேலை பார்த்தவள், இப்போது ஓய்வு. இது வரைக்கும் எழுதியவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள் என்று நினைக்கிறேன், அதனால் இதைச் சொல்கிறேன்.

கரையில் இப்போது யாரும் இல்லை என்று நினைக்காதீர்கள். காலையில் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள் தம்பி. படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டு இருப்பார்கள். வீட்டில் குழாய் இருக்கிறவர்களும் வருவார்கள், போர்வை, சாக்கு, பாய் எல்லாம் வீட்டுக்குள் அலச முடியாது. தண்ணீர் நல்லா ஓடுகிற மாசத்தில் குளிப்பார்கள். அவரவருக்கு ஒரு படி, அவரவருக்கு ஒரு கல், அதில் சண்டையும் உண்டு, சிரிப்பும் உண்டு. மஞ்சள் அரைத்துப் பள்ளமாகிப் போன கல் ஒன்று எங்கள் துறையில் இருந்தது, என் ஆச்சி காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்ததாம். போன தடவை கரைக்குக் கான்கிரீட் போட்டபோது அதைத் தூக்கி உள்ளே போட்டு மேலே பூசிவிட்டார்கள். துறையே போய்விட்டது, சரிவாகச் சுவர் வைத்துவிட்டார்கள், ஆள் இறங்கினால் ஏற முடியாது. மாடு தண்ணீர் குடிக்க இறங்கி ஏற முடியாமல் கத்தியதை நானே பார்த்தேன்.

நடைபாதை போட்டு, படித்துறைக்கு நேர் மேலே பெஞ்சு போட்டு, அங்கே நாலு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் மறுநாளே பெண்கள் வருவது நின்றுவிடும். படி இருக்கிற இடத்தில் பாதை கொஞ்சம் ஒதுங்கிப் போகட்டும், நடுவில் அரளியோ செம்பருத்தியோ வேலி மாதிரி வையுங்கள். பெஞ்சு அங்கிருந்து தள்ளி. விளக்கு மஞ்சளாகத் தாழ்வாக இருந்தால் போதும், ஆனால் வரிசையாக எரியணும். ஒன்று எரிந்து அடுத்தது எரியாமல் இருந்தால் மொத்தமாக இருட்டாக இருப்பதைவிடப் பயம். அப்புறம் கழிப்பறை. அம்மாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள், அரை மணி நேரம் நடக்கிறவளுக்கு நடுவில் ஒரு கழிப்பறை வேண்டாமா? அதை யாரும் எழுதவில்லை பாருங்கள்.

இன்னொன்று, கரையில் குடியிருக்கிற ஏழெட்டு குடிசை. பாதை என்றதும் முதலில் அவர்களைத்தான் தூக்குவார்கள். அவர்கள் பிள்ளைகள் என்னிடம் பாடம் படித்தவர்கள்.

வண்ணாரப்பேட்டை_வாசகன்

டீச்சர் சொன்னதில் கடைசி விஷயம் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. ஆக்கிரமிப்பு என்றால் ஆக்கிரமிப்புதான், 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது என்று எல்லாரும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, நம்ம ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாகிவிட்டது, எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நெஞ்சளவு தண்ணீர், ஃபிரிட்ஜ் மிதந்தது. தண்ணீர் போகிற வழியில் யார் இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும், குளத்து ஆக்கிரமிப்பை எடுக்க 2007 சட்டம் இருக்கிறது, கால்வாய்ப் புறம்போக்குக்கு 1905 சட்டமே போதும்.

சுலோச்சனா_டீச்சர்

எடுங்கள், யார் வேண்டாம் என்றது? குடிசையை எடுக்கிற அன்றைக்கே கரையில் ஏறி நிற்கிற கல்யாண மண்டபத்துச் சுவரையும் எடுங்கள். குடிசைக்காரர்களுக்கு நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில் வீடு கொடுங்கள், ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது. ஃபிரிட்ஜ் போனதற்கு வருத்தமாக இருக்கிறது தம்பி, எங்கள் வீட்டில் ஐம்பது வருஷத்துப் போட்டோ ஆல்பம் போச்சு.

சிங்கை_நெல்லையான்

சொந்த ஊர் பேட்டை, நெல்லை கால்வாயில் நீச்சல் படித்தவன், இப்போது சிங்கப்பூரில் பதினாலு வருஷம். இங்கே பீஷான் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது, வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். காலாங் ஆறு முன்னே அந்த இடத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் கான்கிரீட் வடிகாலாக ஓடியது. அந்தக் கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, ஆறு வளைந்து நெளிந்து ஓடுகிற மாதிரி மண்ணிலும் செடியிலும் கரை கட்டி 2012-ல் திறந்தார்கள். சாதாரண நாளில் தண்ணீர் முழங்கால்தான், பிள்ளைகள் மீன் பார்க்கிறார்கள். பெரிய மழை வந்தால் பூங்காவில் பாதி ஆற்றுக்குப் போய்விடும், அதற்காகவே தாழ்வாக விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் சைரன் அடிக்கும், எல்லாரும் மேலே ஏறிவிடுவோம்.

நாம் இங்கே கான்கிரீட்டை உடைக்கிறோம், ஊரில் அம்மா போன் பண்ணி "கால்வாய்க்கு ரெண்டு பக்கமும் கான்கிரீட் போடுறாங்க, நல்லா இருக்கு" என்கிறாள். கரை இரண்டையும் அடியையும் சேர்த்துப் பூசிவிட்டால் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று எங்கிருந்து வரும்? கடைமடைக்குத் தண்ணீர் வேகமாகப் போகும் என்கிற நியாயமும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கடைமடை அண்ணாச்சி என்ன சொல்வாரோ.

இன்னொரு எச்சரிக்கை. சியோல் ஊரில் ஓடையை மூடிக் கட்டியிருந்த மேம்பாலத்தை இடித்துவிட்டு 5.8 கிலோமீட்டருக்கு ஓடை கொண்டுவந்தார்கள், 2005-ல் திறந்தது, எல்லா மேடையிலும் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அங்கே ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி பெரிய ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றுவது. நமக்குப் பொதிகையிலிருந்து தானாக இறங்கி வருகிறது, கரண்டு பில் கிடையாது.

கடைமடை

கேட்டியே, சொல்றேன். அடியிலே பூச வேண்டாம், மண்ணாவே கிடக்கட்டும். பக்கம் உடையிற இடத்திலே மட்டும் கல்லுக் கட்டு. எங்க ஊர்க் கிணத்துக்கு அந்த ஊத்துதான், அது உனக்கும் தெரியும். வேகமா வர்றதை விட ஒழுங்கா வர்றதுதான் முக்கியம்.

லஸ்கர்_மகன்

எங்க அப்பா இதே மாதிரி ஒரு கால்வாயில் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, கால்வாயைக் காவல் பார்த்து ஷட்டர் ஏற்றி இறக்குகிற ஆள். விடியலில் ஒரு கம்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கரையில் நடக்க ஆரம்பித்தால் அவர் பங்கு தூரம் முடித்துத் திரும்பும்போது வெயில் ஏறிவிடும். நண்டு வளை இருக்கிறதா, எங்கேயாவது கசிவு ஈரம் தெரிகிறதா, யாராவது ராத்திரியில் கரையை வெட்டித் திருட்டு மடை வைத்திருக்கிறானா, இதையெல்லாம் நடந்துதான் கண்டுபிடிப்பார். செருப்பில்லாமல் நடப்பார். கரை உள்ளே பொத்தலாக இருந்தால் காலுக்குத் தெரியுமாம், செருப்புக்குத் தெரியாதாம்.

கரையோரவாசி தம்பி கேட்ட பாதை அதுதான். அவர் அம்மா கோயிலுக்கு நடந்தது லஸ்கர் நடந்த பாதையில். இப்போது அந்த வேலைக்கு ஆள் எடுப்பது குறைந்துவிட்டது, ஒருத்தர் பார்க்கிற தூரம் கூடிவிட்டது, பைக்கில் போய் ஷட்டரை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கரையில் கால் படுவது நின்றதும் கருவேலம் வந்தது, கருவேலம் வந்ததும் பாட்டில் வந்தது. தினம் நூறு பேர் நடந்தால் அவ்வளவு பேரும் லஸ்கர்தான். கசிவைப் பார்த்தால் யாருக்குப் போன் பண்ணணும் என்று ஒரு போர்டு மட்டும் வையுங்க, நடைபாதையில் எனக்குப் பிடித்த அலங்காரம் அதுதான்.

ஒரு சின்ன திருத்தம், சிமெண்டும்_மண்ணும் சொன்னதில். தூர்வாருவது மே மாசம் என்றார். கார் சாகுபடிக்கு ஜூனில் திறப்பதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்க. சில வருஷம் அணையில் தண்ணீர் இருந்தால் ஏப்ரலிலேயே முன்கார் என்று திறந்துவிடுவார்கள், அந்த வருஷம் பங்குனிக்குள் முடித்தால்தான் உண்டு. நீங்கள் பாதை வேலை செய்வதானாலும் கால்வாயில் தண்ணீரை நிறுத்தி வைக்கிற அந்த அடைப்புக் காலம்தான். மனு இப்போதே கொடுத்தால் அடுத்த அடைப்புக்குத்தான் கணக்கு.

டவுன்மாமா

சரி, நான் முதல்ல எழுதினதை வாபஸ் வாங்கலை, ஆனா லஸ்கர் போர்டு ஐடியா நல்லா இருக்கு. 'ஐ லவ்' எழுத்துக்குப் பதிலா அதை வைங்க.

சிமெண்டும்_மண்ணும்

லஸ்கர்_மகன் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன்.

செலவு கேட்டிருந்தீர்கள், நான் வேண்டுமென்றே எழுதவில்லை. கிராவல் எங்கிருந்து வருகிறது, கருவேல வேரை எவ்வளவு ஆழம் தோண்டணும் என்பதைப் பார்க்காமல் சொல்கிற தொகை பொய்த்தொகை. முன்னூறு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்க, முழுக் கால்வாயும் வேண்டாம். பெங்களூரில் கே-100 என்று பெயர் வைத்து ஒரு ராஜகாலுவேயை (பெரிய மழைநீர் வடிகால்) எடுத்துச் செய்தார்கள், மெஜஸ்டிக் பக்கத்திலிருந்து பெல்லந்தூர் ஏரி நோக்கிப் போவது. அங்கேயும் கழிவுநீரைத் தடுத்துத் திருப்புவதுதான் பெரிய பாடு, கரை வேலை சின்ன பாடு. இங்கே வீட்டுக் குழாய்களைக் கரை ஓரமாக ஒரு குழாய் பதித்துப் பிடித்து, பாதாள சாக்கடை மேன்ஹோலில் சேர்க்க முடியுமா என்று பாருங்க. உங்கள் தெருவில் பாதாள சாக்கடை லைன் வந்துவிட்டதா? வந்தும் இணைப்பு வாங்காமல் கால்வாயில் விடுகிறவர்கள் எத்தனை பேர், லைனே வராதவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து எண்ணுங்க. 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதனால் இந்த விஷயத்தில் இப்போது மனுவைத் தூக்கி ஓரமாக வைப்பது ஆபீசுக்கு முன்னைப் போல் சுலபம் இல்லை.

கரையோரவாசி

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குப் போனோம். நான், பக்கத்து வீட்டு காலேஜ் பையன் இரண்டு பேர், அப்புறம் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் அம்மா.

முன்னூற்று இருபது மீட்டரில் 31 குழாய். அதில் ஒன்பது குழாயில் தண்ணீர் வரவே இல்லை, பழையதாக இருக்கலாம். இருபத்தியிரண்டு ஓடுகிறது. சமையல்கட்டுத் தண்ணீர் எது, கக்கூஸ் தண்ணீர் எது என்று பையன்கள் மூக்கை வைத்தே பிரித்துவிட்டார்கள், அதற்குமேல் விவரம் வேண்டாம். பாதாள சாக்கடை லைன் எங்கள் தெருவில் ஒரு பாதிக்கு வந்திருக்கிறது. வந்த பாதியில் நாலு வீடு இன்னும் இணைப்பு வாங்கவில்லை. அந்த நாலில் ஒன்று எங்கள் வீடு. வீடு விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாத்ரூம் தண்ணீர் எங்கே போகிறது என்று இத்தனை மாசம் நான் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். கடைமடை அண்ணாச்சி, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் சொன்ன மாதிரி படித்துறை ஒன்று இருக்கிறது, கருவேலத்துக்குள் மறைந்து கிடக்கிறது, மூன்று படி மட்டும் வெளியே தெரிகிறது. கடைசிப் படியில் இரண்டு பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டேப்பும் நோட்டுமாக நிற்பதைப் பார்த்து, "படியை இடிக்கப் போறீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அம்மா போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அம்மா நடந்த மொத்த தூரம் முன்னூறு மீட்டர்கூட இருக்காது, டாக்டரிடம் சொல்லவில்லை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். தடுப்பு கூடாது, அடியில் பூசக் கூடாது, படித்துறையை எடுக்கக் கூடாது, வண்டி போகிற மாதிரி பாதை, குடிசைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே மாற்று இடம், கழிப்பறை ஒன்று, லஸ்கர் போன் நம்பர் போர்டு. புலப்படத்துக்கும் விண்ணப்பித்தாயிற்று. எங்கள் காம்பவுண்டு இரண்டு அடி வெளியே இருக்கும் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது, வரட்டும் பார்க்கலாம்.

அடுத்த ஞாயிறு அதே நேரம் எதிர்க்கரையை எண்ணப் போகிறோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் வாங்க. ஐம்பது மீட்டர் டேப் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாங்க, எங்களிடம் இருப்பது தையற்காரர் டேப் மாதிரி ஐந்து மீட்டர்தான், குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று.

கடைமடை

டேப் என்கிட்ட இருக்கு, வயல் அளக்கிறது. நூறு அடி. பஸ் பிடிச்சு வர்றேன், டீ மட்டும் வாங்கிக் கொடு.